அமைச்சரின் கையில் குறையில்லை

அந்த வருடத்து முருங்கையும் பட்டுப்போன அன்று, யுவராணியின் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை அவள் மாமியார் குணவதி வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு, பேத்தியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இனிமே புள்ளைக்கு நான் ஊட்டிக்கிறேன். நீ சோத்த வடிச்சி வெச்சிட்டு ஒதுங்கிக்க."

விரல்களில் ஒட்டியிருந்த பருப்புச் சோற்றைப் பார்த்துக்கொண்டு யுவராணி நின்றாள். ஆதிராவுக்கு நான்கு வயது. அன்று காலையும் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்திருந்தது. உடம்புச் சூடு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குணவதி வேறு காரணம் சொன்னாள். நட்டது எதுவும் பிழைக்காத கை ஊட்டினால் மட்டும் பிள்ளை தேறுமா என்பது அவள் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தெருவே தலையாட்டியது. கொடுமை என்னவென்றால், யுவராணியும் மனசுக்குள் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் கையை யாரும் குறை சொன்னதில்லை. பிறந்த ஊரில் கத்தரி நாற்று நடுவதென்றாலும் எலுமிச்சை ஊறுகாய் போடுவதென்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல கைராசி என்பார்கள். அவள் அதை நம்பாமல் சிரிப்பாள். நம்பாமல் சிரித்தவள், தளிர் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நம்பினாள். கொல்லையில் அவள் நட்ட கறிவேப்பிலை போயிற்று. வாழைக் கன்று குருத்து விட்டுக் கருகியது. அப்பா வீட்டிலிருந்து பேருந்தில் கொண்டுவந்து நட்ட முருங்கைப் போத்துகள் ஒவ்வொன்றும் துளிர்த்து, ஆசை காட்டி, பிறகு இலையுதிர்த்து நின்றன. மற்ற வீடுகளில் கொல்லையில் துணி காயப்போட்டதோடு சரி, யாரும் எதுவும் நட்டதில்லை. ஆதிராவுக்கு முன்னால் வயிற்றில் தங்காமல் போன ஒன்றையும் சேர்த்துத்தான் குணவதி கணக்குச் சொல்வாள்.

தளிர் நகர் பாலாற்றங்கரையில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஓடின. அவை மூடிய பிறகு கழிவு மேடு மேடாகக் கிடந்தது. அந்த மேட்டைச் சமன்செய்து, மலையடிவாரத்துச் செம்மண்ணை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் வரிசை வரிசையாக வீடுகள் கட்டியது நிலமீட்பு நிறுவனம் ஒன்று. ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களையும் பழைய தோல் தொழிலாளர் குடும்பங்களையும் அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வீடு அவரவர் பெயருக்கு வர வேண்டுமானால், நிலம் சுத்தமாகிவிட்டது என்று சான்று வர வேண்டும்.

அந்தச் சான்றைத் தருவது மரம். மண்ணைத் தோண்டி ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கத்தை அரசு கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மண் மாதிரியை மாற்றிவிடலாம், எடுப்பவரைக் கையில் போட்டுக்கொள்ளலாம். மரத்தை என்ன செய்துவிட முடியும்? அது நின்ற இடத்திலேயே நின்று, கீழே இருப்பதை உறிஞ்சி, இலையில் காட்டிவிடும். சட்டத்தைக் கொண்டுவந்தபோது 'மரம் பொய் சொல்லாது' என்று அமைச்சர் பேசினார். நகரின் நுழைவு வளைவில் அதே வாசகம் பச்சை எழுத்தில் இருந்தது. ஆண்டுக்கொரு முறை அதிகாரிகள் வந்து, இலைமானி என்ற சிறு கருவியை வேப்பிலையில் கவ்வ வைப்பார்கள். இலையில் உலோக விஷம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் பச்சை. தளிர் நகரின் சான்று மரங்களில் பச்சையைத் தவிர வேறெதுவும் எரிந்ததில்லை. மரம் பச்சை காட்டிய நிலத்தின் தண்ணீரைத் தனியாகச் சோதிக்கத் தேவையில்லை என்று சட்டத்தின் மூலையில் ஒரு துணைப்பிரிவும் இருந்தது. குழாயில் வருவது அங்கேயே போட்ட ஆழ்குழாய்த் தண்ணீர்தான்.

அந்தச் சான்று மரங்களை நட்டவள் குணவதி.

முதல் வரிசைக் கன்றுகளை அவள் கையால் நட வைத்தார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. அதிலிருந்து எந்தத் தெருவில் மரம் நட்டாலும் அவள்தான் வர வேண்டும் என்றாயிற்று. நிறுவனத்தின் நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. கன்றைப் பையிலிருந்து உருவி, நீலத் தொட்டியில் இருக்கும் பச்சைநிற நுரைத் தண்ணீரில் வேரை முக்கி, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் குழியில் இறக்குவாள். தொட்டியை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. வேருக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விழாக்களில் மேடைக்கு அழைத்து அவளுக்குப் புடவை கொடுத்தார்கள். யுவராணிக்கும் அதே பண்ணையில்தான் வேலை, பைகளில் மண் நிரப்புவது. கன்றைத் தொடக் கூடாது என்று மாமியாரே மேற்பார்வையாளரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

கிண்ணம் கைமாறிய மறுநாள், யுவராணி பட்டுப்போன முருங்கையைப் பிடுங்கினாள். எரிச்சலில்தான் பிடுங்கினாள், பார்ப்பதற்காக அல்ல. ஆனால் பிடுங்கியதைத் தூக்கிப் போட முடியாமல் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். செம்மண்ணுக்குள் இருந்தவரை வேர்கள் வெள்ளையாக, சதைப்பற்றோடு இருந்தன. அதற்குக் கீழே இறங்கியவை எல்லாம் ஒரே மட்டத்தில் கருகி முடிந்திருந்தன. கொள்ளிக்கட்டையில் சுட்டு நிறுத்தியதுபோல.

வெகுநேரம் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை அத்தோடு அது முடிந்தும் போயிருக்கும். ஆனால் அந்த வாரமே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து தெருமுனைச் சான்று மரத்தை இடித்தது. லேசாகத்தான் இடித்தது. மரம் சாய்ந்து முழுசாகப் படுத்துவிட்டது. எல்லோரும் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யுவராணி மட்டும் மரத்தின் அடியைப் பார்த்தாள். கீழ்நோக்கி ஒரு வேர்கூட இல்லை. எல்லாம் பக்கவாட்டில் ஓடி, ஒன்றன்மேல் ஒன்று பின்னி, பெரிய தோசைக்கல்லைப்போலத் தட்டையாகப் பெயர்ந்து நின்றன. நகரில் எந்த மரத்துக்கும் நட்ட நாளில் வைத்த மூங்கில் முட்டுகளை இன்னும் எடுக்காததன் காரணம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

முருங்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் பண்ணையின் தாவரவியலாளரிடம் போனாள். ரிஸ்வான் அவளைவிட ஓரிரு வயது இளையவன். வாணியம்பாடிக்காரன். பண்ணையில் வேலை செய்யும் பெண்களை அக்கா என்று கூப்பிடுவான். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே யாரும் கேட்பதில்லை. சாய்ந்த மரத்தின் வேர் ஏன் அப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதும் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வேருக்கு எது மேல, எது கீழன்னு எப்படித் தெரியுதுன்னு யோசிச்சிருக்கீங்களாக்கா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"கொழுந்துல ஒரு சரக்கு ஊறும். ஆக்சின்னு பேரு. அது தண்டு வழியா, செல்லுக்குச் செல் கைமாத்தி கைமாத்தி, வேர் நுனிக்கு வந்து சேரும். வேர் படுத்த வாக்குல இருந்தா அது அடிப்பக்கமா சேர்ந்துக்கும். சேர்ந்த பக்கம் வளர்ச்சி மட்டுப்படும், மேப்பக்கம் நீளும். அப்ப வேர் தானா கீழ வளைஞ்சிடும். அவ்ளோதான் விஷயம்."

"தொட்டியில இருக்கிறது?"

"அது கொழிஞ்சிச் செடியிலருந்து எடுத்தது. செடிங்க தனக்குத்தானே சமைச்சிக்கிற பொருள்தான், விஷம் கெடையாது. நாங்க அத கொஞ்சம் மாத்தியிருக்கோம். ஆக்சின் ஒரு செல்ல விட்டு வெளிய போற கதவு இருக்குது பாருங்க, அத இது சாத்திடும். அப்புறம் அடிப்பக்கம் சேராது. வேருக்குக் கீழன்றதே மறந்துபூடும். படுக்க வாட்டமா ஓடிக்கினே இருக்கும்."

ஒரு முறை முக்கினால் போதுமா என்று அவள் கேட்டாள். போதாது, மாதாமாதம் சொட்டுநீரில் கலந்து விடுகிறோம் என்றான். சொட்டுநீர்க் குழாய் சான்று மரங்களுக்கு மட்டும் போவதும், வீட்டுக் கொல்லைகளின் பக்கம் எட்டிப் பார்க்காததும் அவளுக்கு நினைவு வந்தது. எதற்காக இதெல்லாம் என்று கேட்டாள்.

"சாக்கடைக் குழாய வேர் ஒடைக்காம இருக்கும். அஸ்திவாரம் விரியாது. நான் படிக்கிறப்போ அதுக்காகத்தான் இத கண்டுபிடிச்சேன்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. யுவராணி துணியைப் பிரித்து முருங்கையை மேசைமேல் வைத்தாள்.

"இது முக்காதது சார். கீழ போச்சி. கருகிடிச்சி. கீழ இன்னா கீது?"

ரிஸ்வான் வேரைத் தன் பக்கம் இழுத்தான். கருகிய நுனிகளை விரலால் தொட்டுப் பார்த்தான், தொட்ட விரலை மேசை விளிம்பில் துடைத்தான். வெளியே யாரோ மண்வெட்டியால் எரு வாரும் ஓசை வந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியும் என்பது விரலைத் துடைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சட்டம் மரத்தக் கேக்குதுக்கா," என்றான் கடைசியில். "மண்ணக் கேக்கல."

"என் புள்ளைக்கு மூக்குல ரத்தம் வருது."

தன் பெயரை எங்கும் இழுக்க வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். அம்மாவும் இரண்டு தங்கைகளும் தன் சம்பளத்தை நம்பி இருப்பதைச் சொன்னான். முடிந்தால் குழந்தைக்கு வெளியிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுங்கள் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். யுவராணி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள்.

"அப்ப என் கை?"

அவனுக்குப் புரியவில்லை. "இன்னாக்கா, கையில அடியா?"

வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. விஷத்தின்மேல் குடி வைத்ததைவிட, விஷத்தை மறைக்க மரத்தை ஏமாற்றியதைவிட, இத்தனை வருடம் தன் கையைத் தானே அருவருப்பாகப் பார்த்ததுதான் அவளை அதிகம் எரித்தது. குளிக்கும்போது அந்தக் கையை அதிகமாகத் தேய்த்திருக்கிறாள். தூங்கும் குழந்தையின் தலையைத் தடவப் போய், தடவாமல் எடுத்திருக்கிறாள். யாரோ ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, வேரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று வரைந்து பார்த்ததன் பலன், கடைசியில் ஒரு தாயின் உள்ளங்கையில் வந்து முடிந்திருக்கிறது. வரைந்தவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் என்ன.

கணவன் தினகரனும் குணவதியும் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். தினகரன் காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். முருங்கை வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீடு நம் பேருக்கு வரப்போகிற நேரத்தில் இது எதற்கு என்று மட்டும் கேட்டான். குணவதிதான் எழுந்து நின்றாள்.

"தொட்டித் தண்ணியிலதான் மரம் பொழச்சிதுன்றியா? அப்ப எனக்குக் குடுத்த பொடவையெல்லாம் தொட்டிக்கா குடுத்தாங்க?"

"நான் உங்க கைய குத்தம் சொல்லல அத்த."

"வேற இன்னாடி சொன்ன? உன் கைய தூக்கி வெக்கறதுக்கு என் கைய கீழ எறக்கற."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. குணவதி பேத்திக்கு ஊட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கும் நேரம் வந்தால், சொம்பை ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அதை யுவராணி கவனித்தாள். தன்மேல் உள்ள கோபத்தில் அப்படிச் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். யுவராணி பக்கத்து ஊரில் தன் சிநேகிதி வீட்டுக் கிணற்றிலிருந்து தினமும் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவர ஆரம்பித்தாள். கேட்டவர்களுக்குச் சமையல் ருசி என்று பதில் சொன்னாள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரத்துக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. அவர் வீடு தேடி வந்து, வாசலில் நின்றபடியே, சான்று வாங்குகிற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்படி சொன்னார். சான்று கிடைக்காவிட்டால் எல்லோரும் மறுபடி ஆற்று மணலில் தார்ப்பாய் கட்ட வேண்டியதுதான் என்றார். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் யுவராணிக்கு அவர்மேல் கோபத்தைவிடத் துக்கம் வந்தது. ஆனால் போகிறபோது அவர் சொன்னது துக்கத்தையும் துடைத்துவிட்டது.

"உன் கை சரியில்லன்னா மண்ணு மேல பழி போடாதம்மா."

பிறகு அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். சான்று மரப் பிரிவின் அதிகாரி நன்றாகப் படித்தவர், பண்பாகப் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார். மூடியிட்ட பாட்டில் தண்ணீர். தளிர் நகர் மரங்களின் பச்சை விளக்குப் பதிவுகளைத் திரையில் காட்டினார். ஒரே ஒரு இடத்தில், ஒரு முழத்துக்குக் கீழே தோண்டிப் பாருங்கள் என்று அவள் கேட்டாள். தோண்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார். அப்படியானால் இந்த முருங்கை ஏன் செத்தது என்று கேட்டாள். அவர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"அது ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சில பேருக்குக் கை அப்படித்தான்."

இலைமானியைப் படிக்கத் தெரிந்த வாயிலிருந்துதான் இதுவும் வந்தது. முருங்கையை வாங்கி வெளியே குப்பையில் போடும்படி உதவியாளரிடம் சொன்னார். யுவராணி குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மழை தொடங்கியபோது, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வேப்பங்கன்று நிற்பதைப் பார்த்தாள். குணவதி நட்டிருக்க வேண்டும். முருங்கை செத்த அதே இடம். தொட்டியில் முக்கி எடுத்ததைக் கொண்டுவந்து நட்டு, என் கையை நீயே பார் என்று முகத்தில் அடிக்கப் பார்க்கிறாள் என்று யுவராணி நினைத்தாள். அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். பிறகு ஒருநாள் அங்கே கன்று இல்லை. மண் மட்டும் மூடியிருந்தது. நல்ல இடத்துக்கு மாற்றிவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

சான்று வழங்கும் விழா தை மாதத்தில் வைக்கப்பட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரே வந்து, நுழைவு வளைவுக்கு எதிரில் ஒரு மரம் நட்டு, வீட்டுப் பத்திரங்களைக் கொடுப்பதாக ஏற்பாடு. பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமே என்று இயந்திரம் வைத்து ஆழமாகக் குழி வெட்டி, அடி மண் தெரியாமல் உடனே செம்மண்ணால் பாதி நிரப்பிவிட்டார்கள். புகைப்படத்தில் நீலத் தொட்டி அசிங்கமாகத் தெரியும் என்று ஏகாம்பரம் சொன்னதால், பித்தளை அண்டா ஒன்றைத் துலக்கி, மாலை போட்டு வைத்தார்கள். பண்ணையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றும் பொறுப்பு குணவதிக்கு. கன்றை முக்கி அமைச்சர் கையில் கொடுப்பதும் அவள்தான்.

முருங்கையை எடுத்துக்கொண்டு போய் அமைச்சருக்கு முன்னால் நிற்பது என்று யுவராணி முடிவு செய்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ஏகாம்பரம் அதைப் படித்துவிட்டார். விருந்துக்கு ஆள் பற்றவில்லை என்று சொல்லி அவளைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பி, பக்கத்தில் இரண்டு பெண்களை உட்கார வைத்தார். காய் நறுக்கலாம், கறிவேப்பிலை உருவலாம். எழுந்து போகக் கூடாது. தட்டி மறைப்பின் இடுக்கு வழியாக அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் வந்தார். மரம் பொய் சொல்லாது என்று மறுபடி சொன்னார், கைதட்டல் வாங்கினார். குணவதி பட்டுப் புடவையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ரிஸ்வான் ஒரு அடி முன்னால் வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்ததையும், பார்த்த பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதையும் யுவராணி கண்டாள். தன்னைத் தேடுகிறானோ என்று நினைத்தாள். குணவதி வேரை முக்கி, உதடு அசைய ஏதோ சொல்லி, கன்றைக் கொடுத்தாள். அமைச்சர் நட்டார். யுவராணியின் கையில் இருந்த கத்தி கத்தரிக்காயைத் தாண்டி விரலில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவள், "பாத்து மே, உன் ரத்தம் சாம்பாருல வுழப்போவுது," என்றாள். மற்றவள் சிரித்தாள்.

எல்லோருக்கும் பத்திரம் கிடைத்தது. தினகரன் அதை நெகிழி உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். யுவராணி அவனைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு அவன் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டான்.

அமைச்சர் நட்ட மரத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டால் அழகு கெடும் என்று பண்ணைத் தண்ணீரைக் குடத்தில்தான் ஊற்றினார்கள். அதையும் குணவதியே ஊற்றினாள். பளிங்குப் பலகையில் அமைச்சரின் பெயர். சுற்றிலும் கம்பி வேலி. கன்று முதலில் நன்றாகத்தான் இருந்தது. பங்குனி பிறந்தபோது நுனி இலைகள் மஞ்சளாயின. வெயில் என்றார்கள். பந்தல் போட்டார்கள். சித்திரை வருவதற்குள் அது ஒரு குச்சியாக நின்றது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ பளிங்குப் பலகையையும் குச்சியையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அமைச்சரின் கைராசியைப் பற்றி மேடை போட்டுப் பேசினார்கள். இந்தக் கைக்கு ஓட்டுப் போட்டால் மாநிலம் என்னாகும் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அவர் திறந்து வைத்த பாலம், அவர் தாலி எடுத்துக் கொடுத்த கல்யாணங்கள் எல்லாம் ஆராயப்பட்டன. ஒரு பெண் இத்தனை வருடம் சுமந்ததை அமைச்சரால் ஒரு வாரம்கூடச் சுமக்க முடியவில்லை. தோண்டு என்று உத்தரவிட்டார். ஏன் செத்தது என்று தெரிய வேண்டும், எல்லாத் தொலைக்காட்சியும் வந்து பார்க்கட்டும் என்றார்.

சட்டத்தில் இடமில்லாத தோண்டுதல் மறுநாளே நடந்தது. அதே பண்பான அதிகாரி தலையில் தொப்பியோடு நின்றார். இயந்திரத்தின் கை செம்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இறங்கியதும் காரமான ஒரு நெடி எழுந்து, எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். குழியின் அடியில் மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர் ஊறி நின்றது. கன்றின் வேர்கள் நேராகக் கீழே இறங்கி, அந்த மட்டத்தில் வந்து, கருகி முடிந்திருந்தன. யுவராணி கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு அது புதிதில்லை. அதைத்தான் அவள் துணியில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போயிருந்தாள்.

ஆதிராவையும் மற்றக் குழந்தைகளையும் வண்டி வைத்து வேலூருக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். குழாய்த் தண்ணீரை நிறுத்தி, லாரித் தண்ணீர் விட்டார்கள். பத்திரங்கள் ரத்தாயின, எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏகாம்பரம் தெருவில் யுவராணியைப் பார்த்தால் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ரிஸ்வான் தானாகவே போய் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னதாகவும், வேலை போய்விட்டதாகவும் கேள்வி. நிறுவனம் வேறு பெயரில் வேறு மாவட்டத்தில் மண் பரப்ப ஆரம்பித்திருந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். மண்ணில் கழிவு இருந்ததையும், சான்று மரங்களின் வேர்கள் வேதிப்பொருளால் திசை திருப்பப்பட்டதையும் சொல்வதற்கு முன்னால், முதல் வரியாக ஒன்று இருந்தது. கன்று பட்டுப்போனதில் மாண்புமிகு அமைச்சரின் கையில் எந்தக் குறையும் இல்லை என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது. யுவராணி கடைசிவரை கேட்டாள். வேறு யாருடைய கையைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை.

அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். ஆதிரா பசிக்கிறது என்றாள். குணவதி சமையலறையிலிருந்து கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்து எடுத்துவந்து, தரையில் உட்காராமல் அப்படியே நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. யுவராணி உதவவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லாண்ட ஒரு கன்னு வெச்சிருந்தேனே," என்றாள் குணவதி. "அத நான் தொட்டியில முக்கல. சும்மா வெச்சிப் பாத்தேன். எது என் கை, எது தொட்டின்னு எனக்கும் தெரியணும் இல்ல."

மண் மட்டும் மூடியிருந்த அந்த இடம் யுவராணிக்கு நினைவு வந்தது.

"செத்துப்போச்சி. உன் முருங்க மாதிரியே."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் சத்தமும் குடங்கள் உரசும் சத்தமும் கேட்டன. பிறகு குணவதி, கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"அமைச்சருக்கு அண்டாவுல ஊத்தினது வெறும் தண்ணிதான். அப்புறம் கொடத்துல ஊத்தினதும்."

யுவராணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பட்டுப் புடவை, மாலை போட்ட அண்டா, அசைந்த உதடுகள், திரும்பிக்கொண்ட ரிஸ்வானின் முகம் எல்லாம் இப்போதுதான் ஒன்றாக வந்து நின்றன. மேடையில் வைத்துத் தன் கைராசியைத் தானே கொன்றிருக்கிறாள் இந்தப் பொம்பளை. அதை அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அத்தனை மாதங்கள். அத்தனை வேளைச் சோறு.

குணவதி கிண்ணத்தை நீட்டினாள். "நீ ஊட்டு."

யுவராணி உடனே வாங்கவில்லை. மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சநேரம் வாங்கவில்லை. ஆதிரா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்துக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.